மின்விசிறிக்கு வந்த நட்சத்திரம்

எங்கள் தலைமுறைக்கு மின்சாரச் சிக்கனம் என்றால் ஒரே பொருள்தான்: ஸ்விட்சை அணைப்பது. "ஆளில்லாத ரூமுக்கு எதுக்கு லைட்டு?" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அணைக்காமலே மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள் நுழைந்து ஏறக்குறைய இருபது வருஷம்தான் ஆகிறது.

2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நிறைவேறியது. மறு வருஷமே அதற்கென்று ஒரு மத்திய அரசு அமைப்பு வந்தது. 2006-இல் ஃப்ரிட்ஜுக்கும் டியூப்லைட்டுக்கும் நட்சத்திர லேபிள் ஒட்டத் தொடங்கினார்கள். 2010-இல் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ், ஏ.சி., டியூப்லைட் ஆகியவற்றுக்கு அது கட்டாயமாயிற்று.

அடுத்தது பல்பு. நாம் வளர்ந்த குண்டு பல்பு தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போயிற்று. நீல நிற எல்.இ.டி. கண்டுபிடித்த பிறகுதான் வெள்ளை வெளிச்சம் சாத்தியமானது; அதற்காக 2014-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியது. மொத்தக் கொள்முதலால் விலை மளமளவென்று இறங்கியது. இன்று 9 வாட் பல்பு, பழைய 60 வாட் பல்பின் வேலையைச் செய்கிறது.

ஆனால் நம் ஊரில் அதிக நேரம் ஓடுவது எது? மின்விசிறிதான். அதற்கு நட்சத்திரம் கட்டாயமானது 2023 ஜனவரியில்! அந்தக் காலத்துப் பெட்டி ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை சுடும். வேகத்தைக் குறைத்தாலும் மின்சாரம் அந்தப் பெட்டிக்குள் சூடாக வீணாகும்.

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும். நிரந்தரக் காந்தம் வைத்த பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 28 வாட் போதும். தினமும் 16 மணி நேரம் இரண்டு ஃபேன் ஓடினால், 60 நாளில் பழையது 144 யூனிட், புதியது 54. மிச்சம் 90 யூனிட். காற்று அதே காற்றுதான்.

இந்த 90 யூனிட் சின்ன விஷயமில்லை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் வந்த கட்டண முறையில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழே உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை கூடியது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதா, அந்தப் பக்கம் போவதா என்பதை ஒரு ஃபேன்கூடத் தீர்மானிக்கலாம்.

எங்களைப் போன்ற அடுக்குமாடிக்காரர்களுக்கு மொட்டை மாடி பொதுச் சொத்து. சோலார் பலகை வைக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நம் கதவுக்கு உள்ளே இருப்பதை மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. நான் முதலில் ஹாலிலும் படுக்கை அறையிலும் ஃபேனை மாற்றினேன். நன்றாக ஓடும் ஃப்ரிட்ஜை அப்படியே வைத்திருக்கிறேன். பழுதாகும்போது நட்சத்திரம் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.

பென்ஷனில் வாழும் சில நண்பர்கள், பில்லுக்குப் பயந்து மே மாத மத்தியானத்தில் ஃபேனை அணைத்துவிட்டு விசிறிமட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். நம் வயதில் வெயில் விளையாட்டல்ல. ஃபேனை மாற்றுங்கள், ஆனால் அணைக்காதீர்கள்.