ரெஜெக்ஸில் பேராசைப் பொருத்தமும் சிக்கனப் பொருத்தமும்

ரெஜெக்ஸ் என்பது உரைக்குள் ஒரு வடிவத்தைத் தேட உதவும் குறிமொழி. அதில் `*`, `+` போன்ற அளவுக்குறிகள், முன்னுள்ள உறுப்பு எத்தனை முறை வரலாம் என்று சொல்கின்றன. எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துக்கொள்வது பேராசைப் பொருத்தம். போதிய அளவோடு நிற்பது சிக்கனப் பொருத்தம். இவற்றை நிரல் எழுதுபவர்கள் முறையே கிரீடி, லேசி என்பார்கள். அளவுக்குறி வழக்கமாகப் பேராசையோடுதான் இயங்கும். அதன்பின் `?` சேர்த்தால் சிக்கனமாகும். இவ்வசதி 1994-இல் வெளிவந்த பெர்ல் 5 நிரல்மொழி வழியாகப் பரவியது.

தமிழ் விக்கிப்பீடியாவில் இணைப்புகள் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதப்படுகின்றன:

[[மானகிரி]] என்பது [[காரைக்குடி]] அருகிலுள்ள ஊர்.

இங்கே `\[\[.*\]\]` என்று தேடினால் இரண்டு இணைப்புகளும் இடையிலுள்ள சொல்லும் ஒரே துண்டாகச் சிக்கும். எந்தக் குறியையும் ஏற்கும் `.*` வரியின் இறுதிவரை விழுங்கிவிட்டு, மூடும் அடைப்பு கிடைக்கும்வரை ஒவ்வொரு குறியாகப் பின்வாங்குகிறது. முதலில் தட்டுப்படுவது காரைக்குடியின் அடைப்பு. `\[\[.*?\]\]` இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு குறியாக முன்னேறி மானகிரியின் அடைப்பிலேயே நின்றுவிடும். அடுத்த தேடலில் காரைக்குடி தனியே கிடைக்கும்.

சிக்கனப் பொருத்தம் எப்போதும் மிகச் சிறிய துண்டையே தரும் என்று கருதுவது தவறு. தேடல் இடமிருந்து தொடங்குகிறது. மானகிரியின் மூடும் அடைப்பு விடுபட்டிருந்தால், சிக்கனக் குறியும் அங்கிருந்து தொடங்கிக் காரைக்குடி வரை சேர்த்தே எடுக்கும்.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாடநூல்கள் ஆங்கிலத்தையே எடுத்துக்காட்டுவதால் இது கண்ணில் படுவதில்லை. நம் கண்ணுக்கு மானகிரி நான்கெழுத்து. யூனிக்கோடில் ஏழு குறியீடுகள். ‘கி’ என்பதில் ‘க’ ஒன்று, இகரக் கொக்கி இன்னொன்று. பல நிரல்மொழிகளில் ரெஜெக்ஸின் `.` ஒரு குறியீட்டைத்தான் குறிக்கும். எனவே `மான.+?` என்ற தேடல் ‘மானக’ என்று நின்று, கொக்கியை அறுத்துவிடும். ‘க’ முதல் ‘ஹ’ வரையிலான ஓர் எழுத்து, அதையடுத்து விருப்பமாக ஓர் உயிர்க்குறியோ மெய்யெழுத்துப் புள்ளியோ வரலாம் என்று எழுதினால் உயிர்மெய் உடையாது.

பின்வாங்கல் எல்லை மீறினால் கணினியே திணறும். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் சேவை 27 நிமிடங்கள் முடங்கியதற்கு, அடுத்தடுத்து `.*` கொண்ட ஒரு ரெஜெக்ஸே காரணம்.

செட் (sed) போன்ற பழைய யூனிக்ஸ் கருவிகளில் சிக்கனக் குறி இல்லை. அங்கே, ‘சதுர அடைப்புகள் அல்லாத குறிகள்’ என்று எல்லையை வெளிப்படையாக எழுத வேண்டும். சிக்கனக் குறி உள்ள மொழிகளிலும் இதுவே நம்பகமான வழி.