பழைய கட்டடங்களும் பூஜ்ஜிய மின்செலவை நெருங்கலாம்: பள்ளிவாசல்கள் காட்டும் வழி

பள்ளிவாசலுக்கு ஏசி வாங்கித் தர நம்மில் பலர் முன்வருகிறோம். மறைந்த பெற்றோரின் பெயரில் ஸதகத்துல் ஜாரியாவாக அதைச் செய்வோரும் உண்டு. அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் அந்த ஏசிக்கு மாதந்தோறும் வரும் மின்கட்டணம் ஜமாஅத் நிர்வாகத்தின் தலையில் விழுகிறது. ஜும்ஆ வசூலில் ஒரு பகுதி அதற்கே போய்விடுகிறது. ஏற்கனவே நிற்கும் கட்டடத்தை இடிக்காமல், அதன் மின்செலவைப் பூஜ்ஜியத்துக்கு அருகில் கொண்டுவர முடியுமா? உலகில் இதற்கான முயற்சிகள் எப்படி நடக்கின்றன என்பதை இங்கே பார்ப்போம்.

பூஜ்ஜியத்தை நெருங்குவது என்றால் என்ன?

மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும் கட்டடம், அந்தக் கொஞ்சத் தேவையையும் பெரும்பாலும் சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெற்றுக்கொள்வதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் இதைச் சட்டமாக்கியது. 2020-ஆம் ஆண்டு முடிவுக்குள் புதிய கட்டடங்கள் எல்லாம் இந்த நிலையில் இருக்க வேண்டும் என்று காலக்கெடு வைத்தது.

புதிய கட்டடங்களுக்கு விதி போடுவது எளிது. சிக்கல் பழைய கட்டடங்களில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆற்றல் நுகர்வில் சுமார் 40 சதவீதம் கட்டடங்களில் செலவாகிறது. இன்று அங்கே நிற்கும் கட்டடங்களில் 85 முதல் 95 சதவீதம் வரை 2050-லும் நின்றுகொண்டிருக்கும் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு. ஆனால் ஆற்றல் சிக்கனத்துக்காகச் சீரமைக்கப்படுபவை ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம்தான். அதனால் 2020 அக்டோபரில், 2030-க்குள் இந்த வேகத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்தை ஆணையம் அறிவித்தது.

வரிசை மாறினால் பணம் வீண்

இந்தச் சீரமைப்பில் மூன்று படிகள் உண்டு. முதலில் கட்டடத்தின் தேவையைக் குறைக்க வேண்டும். குளிர்நாடுகளில் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேறாமல் சுவரையும் சன்னலையும் அடைப்பார்கள். வெப்பநாடுகளில் வெளி வெப்பம் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். இரண்டாவது, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் விளக்கு, மின்விசிறி, மோட்டார்களுக்கு மாற வேண்டும். கடைசியாகத்தான் சோலார் பேனல்.

நாம் பெரும்பாலும் கடைசிப் படியில் தொடங்குகிறோம். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் பெரிய மோட்டார் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது போன்றதுதான் இது.

நெதர்லாந்தின் எனர்ஜிஸ்ப்ராங் திட்டம் இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்தது. தொழிற்சாலையில் தயாரித்த வெப்பத்தடுப்புச் சுவர்ப்பலகைகளைப் பழைய குடியிருப்புகளின் வெளிப்புறத்தில் பொருத்தி, சோலார் பேனலுடன் கூடிய புதிய கூரையை மேலே வைத்தார்கள். குடியிருப்போர் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. முன்பு மின்கட்டணமாகவும் எரிவாயுக் கட்டணமாகவும் போன பணமே இந்தச் செலவை அடைக்கும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படை.

ஜகார்த்தாவின் இஸ்திக்லால்

நம் தட்பவெப்பத்துக்கு நெருக்கமான உதாரணம் இந்தோனேசியாவில் இருக்கிறது. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் தென்கிழக்கு ஆசியாவிலேயே மிகப் பெரியது. 1961-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1978 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதை வடிவமைத்த ஃபிரெடெரிக் சிலாபன் ஒரு கிறிஸ்தவர்.

சிலாபன் வெப்பநாட்டுக் கட்டடக்கலையை அறிந்தவர். தொழுகைக் கூடத்தைச் சுற்றி அடைத்த சுவர்களுக்குப் பதிலாகத் துளைகள் கொண்ட உலோகத் தட்டிகளை வைத்தார். காற்று தடையின்றி உள்ளே வந்து வெளியேறும். முதல் படியின் பெரும்பகுதியைக் கட்டும்போதே முடித்துவிட்டார் என்று சொல்லலாம்.

2019-இல் அங்கே பெரிய சீரமைப்பு தொடங்கியது. சிக்கன விளக்குகள் வந்தன. உளூச் செய்யும் இடங்களில் நீர் குறைவாக வரும் குழாய்கள் பொருத்தப்பட்டன. கூரையில் 500-க்கும் மேற்பட்ட சோலார் பேனல்கள் அமைந்தன. 2022-இல் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் ‘எட்ஜ்’ பசுமைச் சான்றிதழ் கிடைத்தது. உலகில் அதைப் பெற்ற முதல் வழிபாட்டுத் தலம் இஸ்திக்லால்தான்.

இந்தச் சான்றிதழுக்கு, வழக்கமான கட்டடத்தோடு ஒப்பிடும்போது ஆற்றல், நீர், கட்டுமானப் பொருட்களில் அடங்கிய ஆற்றல் ஆகிய மூன்றிலும் குறைந்தது 20 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டியிருந்தது. அதாவது, இஸ்திக்லால் பூஜ்ஜியத்தை எட்டிவிட்டதாக இதற்குப் பொருளில்லை. அந்தப் பாதையில் அளந்து, சரிபார்த்து, ஒரு படி ஏறியிருக்கிறது.

மொராக்கோவின் பசுமைப் பள்ளிவாசல்கள்

மொராக்கோ தனக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு. அங்கே 2014-இல் வக்ஃப் அமைச்சகமும் ஆற்றல் துறையும் சேர்ந்து, ஜெர்மனியின் தொழில்நுட்ப உதவியுடன் பசுமைப் பள்ளிவாசல் திட்டத்தைத் தொடங்கின. முதல் இலக்கு 600 பள்ளிவாசல்கள். எல்இடி விளக்குகள், உளூ நீருக்கான சூரிய வெந்நீர்க் கலன்கள், சோலார் பேனல்கள் ஆகியவற்றால் மின்நுகர்வை 40 சதவீதம் வரை குறைப்பது நோக்கம். மராக்கேஷ் நகரில் 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த குதுபிய்யா பள்ளிவாசலும் இத்திட்டத்தில் இடம்பெற்றது.

அங்கே இமாம்களுக்கும் பெண் மார்க்க வழிகாட்டிகளுக்கும் ஆற்றல் சிக்கனம் பற்றிப் பயிற்சி தரப்பட்டது. பள்ளிவாசலில் பார்த்ததை மக்கள் தங்கள் வீடுகளில் செய்ய வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

பள்ளிவாசலுக்கே உரிய கணக்கு

ஐவேளைத் தொழுகையில் ஃபஜ்ர், மஃக்ரிப், இஷா மூன்றும் சூரியன் இல்லாத நேரத்தில் வருகின்றன. லுஹரும் அஸரும் ஜும்ஆவும்தான் பேனல் மின்சாரம் தரும் நேரம். எனவே பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு அனுப்பி இரவில் ஈடு செய்யும் ஏற்பாடு இல்லாவிட்டால், பேனல் மட்டும் வைத்துப் பயன் குறைவு. இரவுத் தேவையைக் குறைப்பதுதான் உறுதியான வழி.

ஒரு கணக்குப் போடுவோம். 40 சாதாரண மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட், நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் 15 யூனிட். அவற்றை 30 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால் 6 யூனிட்தான். நாளுக்கு 9 யூனிட் மிச்சம். இது சுமார் 2 கிலோவாட் பேனல் ஒரு நாளில் தரும் மின்சாரத்துக்குச் சமம்.

அடுத்தது, கூட்டத்தின் அளவு. வார நாட்களில் இரண்டு மூன்று ஸஃப்புகளே நிரம்பும் கூடத்தில், ஜும்ஆவுக்குத் தேவையான அத்தனை விளக்கும் ஏசியும் ஓட வேண்டியதில்லை. முன் ஸஃப்புகளுக்குத் தனி சுவிட்ச் வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். பிறகு மேல்தளம். வெயிலில் காயும் கான்கிரீட் தளம் இரவிலும் வெப்பத்தை உள்ளே இறக்கும். வெள்ளை நிறக் குளிர்பூச்சு அந்த வெப்பத்தைக் குறைக்கும்.

நம் வீடுகளுக்கும் இதே வரிசைதான்: முதலில் தளத்தைக் குளிர வைப்போம், பிறகு விசிறியையும் பழைய குளிர்சாதனப் பெட்டியையும் மாற்றுவோம், அதன் பிறகு மிச்சமுள்ள தேவைக்கு ஏற்ற அளவில் பேனல் வைப்போம். அப்போது சிறிய பேனலே போதும், செலவும் குறையும்.

அமானத்தும் வீண்விரயமும்

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகள் கொள்ளும் அளவு தண்ணீரில் உளூச் செய்துள்ளார்கள் என்பதை ஹதீஸ்கள் வழியாக அறிகிறோம். வணக்கத்துக்கான நீரிலேயே இவ்வளவு சிக்கனம் கற்றுத்தந்த மார்க்கம், வணக்கத்தலத்தின் மின்சாரத்தில் வீண்விரயத்தை விரும்புமா?

பள்ளிவாசலின் பணம் ஏழை எளியோரும் சேர்ந்து கொடுத்தது. அது நிர்வாகிகளின் கையில் உள்ள அமானத். கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து வைத்து, எந்தக் கருவி எத்தனை யூனிட் இழுக்கிறது என்று எழுதிப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. சீரமைப்பு அந்தக் காகிதத்திலிருந்து தொடங்கலாம். அடுத்த முறை பள்ளிவாசலுக்கு ஏதேனும் வாங்கித் தர நாடுவோர், இன்னொரு ஏசிக்குப் பதிலாக மேல்தளப் பூச்சையோ 40 விசிறிகளையோ பொறுப்பேற்றால், அதன் நன்மையும் மாதந்தோறும் தொடரும், இன்ஷா அல்லாஹ்.