ஆலம்பரை நாணயமும் உம்ராப் பயணியின் அட்டையும்

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல் மதில்களைக் காணலாம். ஆற்காட்டு நவாபுகளின் ஆட்சியில் துறைமுகமாக விளங்கிய இவ்விடத்தில் நாணயச்சாலையும் இருந்தது. 1750இல் இக்கோட்டை பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்கு மாறியது. 1760இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றித் தகர்த்தனர்.

அக்காலத்தில் இக்கரையில் ஒரே நாணயம் வழங்கவில்லை. ஆற்காட்டு வெள்ளி ரூபாய், பொன் வராகன், பணம், காசு எனப் பலவும் புழங்கின. ஆங்கிலேயரின் சென்னைக் கணக்கில் ஒரு வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. ஆயினும் எல்லா வராகனிலும் ஒரே அளவு பொன் இல்லை. ஆகவே சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரரிடம் துணி விற்றவரும் கப்பலேறப் புறப்பட்டவரும் சராப்பை நாட வேண்டியிருந்தது. சராப்பு நாணயத்தை எடைபோட்டு, உரைத்துப் பார்த்து, தேய்மானத்துக்கும் மாற்றுக் குறைவுக்கும் ‘வட்டம்’ கழித்துக்கொண்டே வேறு நாணயம் கொடுப்பார்.

சராப்பு என்பது ‘ஸர்ராஃப்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. நாணய மாற்றுக்கு ‘ஸர்ஃப்’ என்று பெயர். பொன்னுக்கு வெள்ளி மாற்றுவோர் அந்த அமர்விலேயே இரு பக்கமும் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்களின் நிபந்தனை. தவணை நுழைந்தால் வட்டியும் நுழையும். பணத்தைச் சுமந்து செல்ல அஞ்சியோர் உண்டியல் எழுதி வாங்கி, மற்றோர் ஊரில் அதனைக் காட்டிப் பணம் பெற்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்திய ரூபாயே வளைகுடா நாடுகளிலும் வழங்கியது. அவ்வழியே நடந்த தங்கக் கடத்தலால் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்தது. அதனைத் தடுக்க 1959இல் வளைகுடாவுக்கெனத் தனி நோட்டுகள் வெளியிடப்பட்டன. ஹஜ் பயணிகளுக்கென 10 ரூபாய், 100 ரூபாய் நோட்டுகளையும் ரிசர்வ் வங்கி தனியே அச்சிட்டது. எண்ணுக்கு முன் ‘எச்ஏ’ என்னும் எழுத்துகளைத் தாங்கிய அந்நோட்டுகளை நம் பெரியவர்கள் சவூதியில் ரியாலாக மாற்றிக்கொண்டனர்.

இன்று நாம் அட்டையோடு புறப்படுகிறோம். சராப்பின் வட்டமோ நீங்கவில்லை. வங்கிகள் அதனை ‘மார்க்அப்’ என்கின்றன. ஆகவே அட்டையைத் தேர்ந்தெடுக்கையில் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, வட்டம் எங்கே, எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பதே.

முன்கூட்டியே ரியால் ஏற்றிய ஃபாரெக்ஸ் அட்டையில் மாற்று விலை ஏற்றும் நாளிலேயே முடிவாகிவிடும். அதில் டாலரை ஏற்றி ரியாலில் செலவிட்டால் இரண்டாம் முறையும் வட்டம் விழும். மிஞ்சிய தொகையை ரூபாயாக்கும்போதும் அவ்வாறே. சாதாரண டெபிட் அட்டையில் ஒவ்வொரு செலவுக்கும் மார்க்அப் உண்டு. ஏடிஎம் கட்டணம் தனி. கிரெடிட் அட்டையில் ரொக்கம் எடுத்தால் பெரும்பாலும் அன்று முதலே வட்டி ஏறும். அதனைத் தவிர்ப்பது நம் மார்க்கக் கடமை. கடையில் இயந்திரம் “ரூபாயா, ரியாலா?” என வினவினால் ரியாலையே தெரிவுசெய்க, ரூபாய் என்றால் அக்கடையின் இயந்திரமே தன் விலையில் மாற்றிவிடும். புறப்படுமுன் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, இரண்டாவது அட்டை ஒன்றைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த ஹலாலான பணம் இது. கணக்கறிந்து செலவிடுவதும் அமானிதத்தைப் பேணுவதேயாகும்.