புகையடுப்பில் அஸ்பாரகஸ்: ஒரு வரலாறு

அஸ்பாரகஸ் என்பது வசந்தகாலத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு எழும் ஓர் இளந்தண்டு. இதன் வேர்த்தொகுதி பூமிக்கடியில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். அதிலிருந்து விரல் பருமனில் வரும் தண்டை, நுனி விரிவதற்கு முன்பே அறுத்துச் சமைப்பார்கள். சித்த மருத்துவத்தில் வழங்கும் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. இங்கே கிழங்கு மருந்தாயிற்று. ஐரோப்பாவில் தண்டு உணவாயிற்று.

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் காணப்படும் 'ஸ்மோக்கர்' எனும் புகையடுப்பில் இத்தண்டை வைத்து வேகவைப்பது இன்று பரவலான வழக்கம். ஆனால் இவை இரண்டும் இயல்பில் எதிரெதிரானவை. அஸ்பாரகஸ் விரைந்து வேகும் பண்டம். புகையடுப்போ கடினமான இறைச்சியை நாள் முழுதும் பொறுமையாக வேகவைக்க ஏற்பட்டது.

விரைவுக்குப் பேர்போன தண்டு

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானிய அரசியலாளர் கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில் அஸ்பாரகஸ் பயிரிடும் முறை விரிவாகவே உள்ளது. விதை ஊன்றுவது, களை எடுப்பது, எருவிடுவது, காய்ந்த செடியை எரிப்பது என எதையும் அவர் விடவில்லை. இரவென்னா நகரத்துத் தண்டுகள் மூன்று சேர்ந்தால் ஒரு ரோமானிய ராத்தல் (சுமார் 327 கிராம்) எடை வரும் என்று பிளினி எழுதிவைத்தார். பேரரசர் அகஸ்டஸ், ஒரு வேலை சட்டென முடிந்ததைக் குறிக்க, அஸ்பாரகஸ் வேகும் நேரத்திற்குள் முடிந்துவிட்டது என்ற பொருளில் பேசுவாராம். இதைப் பதிவு செய்தவர் சூட்டோனியஸ்.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்காக, வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் லா கென்தினி என்பவர் சாண எருவின் சூட்டைக் கொண்டு பனிக்காலத்திலேயே இத்தண்டை விளைவித்தார். அரண்மனையானாலும் எளிய வீடானாலும் சமையல்முறை ஒன்றுதான்: நீரில் அல்லது ஆவியில் சில நிமிடங்கள். இதற்கென்றே உயரமான, குறுகலான பாத்திரங்கள் வந்தன. தண்டுகளைக் கட்டாகக் கட்டி நிறுத்தினால் அடிப்பகுதி நீரிலும் மென்மையான நுனி ஆவியிலும் வேகும். அப்போதும் சற்றுக் கவனம் தப்பினால் குழைந்துவிடும்.

இறைச்சிக்காக வந்த அடுப்பு

கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் மரக்குச்சிகளைப் பரண்போல் கட்டி, அடியில் தீமூட்டி, மீனையும் இறைச்சியையும் வாட்டினார்கள். அந்தப் பரணின் பெயரே ஸ்பானியர் வாயில் 'பார்பகோவா' ஆகி, ஆங்கிலத்தில் 'பார்பிக்யூ' ஆயிற்று. வட அமெரிக்காவின் தென்பகுதிக்கு வந்தபோது பரணோடு குழியும் சேர்ந்தது. தரையில் நீளமாக வெட்டிய குழியில் ஹிக்கரி, ஓக் விறகுகளை எரித்துத் தணலாக்கி, முழுப் பன்றியை இரவெல்லாம் அதன்மேல் கிடத்தினார்கள்.

அந்த இரவு முழுதும் விழித்திருந்து தணலை மாற்றியவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள். பண்ணை முதலாளிகளின் விருந்துகளைப் பற்றிய பழைய குறிப்புகளில் விருந்தாளிகளின் பெயர்கள் கிடைக்கும். குழியருகே நின்றவர்களின் பெயர்கள் அரிதாகவே கிடைக்கும். அடிமைமுறை ஒழிந்தபின் கறுப்பின மக்கள் பலர் இத்திறமையையே முதலாகக் கொண்டு கடை தொடங்கினார்கள்.

டெக்சாஸில் கதை வேறு. அங்கே குடியேறிய ஜெர்மானியரும் செக் மக்களும் இறைச்சிக்கடைகளில் விற்காமல் மிஞ்சியதைப் புகையிட்டுக் காத்தனர். லாக்ஹார்ட் ஊரில் 1900இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட் இவ்வகையில் பெயர்பெற்றது. மாட்டின் நெஞ்சுக்கறி போன்ற முரட்டுப் பகுதியில் இணைப்புத் திசு மிகுதி. அது மெல்லக் கரைந்து மிருதுவாகப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். எண்ணெய்க் கிணறுகளில் பயன்பட்ட பருத்த இரும்புக் குழாய்களை வெட்டி, பக்கவாட்டில் தீப்பெட்டகம் பொருத்திய அடுப்புகளும் இம்மாநிலத்தில் பெருகின. இத்தகைய கடைகளில் இறைச்சியோடு கிடைத்தவை ரொட்டியும் வெங்காயமும் வெள்ளரி ஊறுகாயும்தான். பச்சைத் தண்டுக்கு அங்கே வேலையில்லை.

மூடி செய்த மாற்றம்

குழியையும் குழாயையும் வீட்டுக்கொல்லைக்குக் கொண்டுவர இரண்டு பொருள்கள் தேவைப்பட்டன. ஒன்று மலிவான கரி. ஹென்றி ஃபோர்டு தம் கார்களுக்கான மரப்பாகங்களைச் செய்த மிச்சிகன் ஆலையில் சேர்ந்த மரக்கழிவை 1920களில் கரிக்கட்டிகளாக்கி விற்றார். மற்றொன்று மூடி. சிகாகோவில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் நீர்மிதவைக்குரிய உலோகக் கோளத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கினார். சிறிய செயல்தான். ஆனால் காற்றுத் துளையைத் திருகித் தீயை அடக்கவும், தணலை ஓரமாக ஒதுக்கி உணவை எதிர்ப்பக்கம் வைக்கவும் இதனால் முடிந்தது. இதே நிறுவனத்தின் புகையடுப்பு 1981இல் வந்தது. 1980களில் ஓரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர், மரத்தூளை அழுத்திய சிறு உருண்டைகளைத் தானே ஊட்டிக்கொள்ளும் அடுப்பை உருவாக்கினார்.

இறைச்சியை இறக்கியபின் உடனே அறுக்கக் கூடாது; சிறிது நேரம் ஆறவிட வேண்டும். அடுப்பிலோ இன்னும் சூடும் புகையும் இருக்கின்றன. காய்கள் புகையடுப்பில் ஏறியதற்குக் கோட்பாட்டைவிட இந்தச் சிக்கனமே முக்கிய காரணம் எனலாம்.

வயலில் குனிந்தவர்கள்

அஸ்பாரகஸைச் சாமானிய அமெரிக்கச் சமையலறைக்குக் கொண்டுசென்ற இடங்களுள் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரைச் சூழ்ந்த கழிமுகச் சமவெளி முதன்மையானது. சூடான நாளில் இத்தண்டு ஒரு சாண் வரைகூட வளர்ந்துவிடும். எனவே பருவம் முழுதும் நாள்தோறும், நீண்ட கத்தியால், குனிந்தபடியே அறுக்க வேண்டும். 1920களிலிருந்து இவ்வேலையைப் பெருமளவு செய்தவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1939இல் அவர்கள் அறுவடை உச்சத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். காத்திருந்தால் தண்டு விரிந்து வீணாகிவிடும் என்பதால் பண்ணையாளர்களில் பெரும்பாலோர் இறங்கிவந்தனர். செடியின் அவசரமே தொழிலாளிக்கு ஆயுதமாயிற்று! 1948ஆம் ஆண்டு அஸ்பாரகஸ் வேலைநிறுத்தத்தில் முன்னின்ற லாரி இட்லியோங், 1965இல் டெலானோ திராட்சைத் தொழிலாளர் போராட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். ஸ்டாக்டனில் இம்மக்கள் வாழ்ந்த 'லிட்டில் மணிலா' பகுதியின் பெரும்பங்கு பின்னர் நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்டது. 1986இல் அதே நகரம் அஸ்பாரகஸ் விழா தொடங்கியது.

புகையும் தண்டும்

புகையடுப்பின் வழக்கமான வெப்பம் 107 முதல் 120 டிகிரி செல்சியஸ். இதில் அஸ்பாரகஸ் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் இருக்கும். நீரில் வேகும் சில நிமிடங்களோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். ஆனால் குழைவதில்லை, உலர்ந்த சூட்டில் தண்டின் ஈரம் மெல்லக் குறைந்து சுவை செறிகிறது. ஈரமான, குளிர்ந்த பரப்பில் புகை நன்றாகப் படியும். அதனால் கழுவிய தண்டுகளில் எண்ணெய் பூசி, அடுப்பின் சூடு குறைந்த பக்கத்தில் வைக்கிறார்கள். ஆப்பிள், செர்ரி போன்ற மென்புகை மரங்களே ஏற்றவை. மெஸ்கீட் மரத்தின் புகை இறைச்சிக்குப் பொருந்தும். இத்தண்டின் சுவையையோ மூடி மறைத்துவிடும்.

இழப்பும் உண்டு. பச்சையம் நெடுநேரச் சூட்டிலும் புகையின் அமிலத்தன்மையிலும் மக்னீசியத்தை இழந்து மங்கிய ஆலிவ் நிறமாகும். மெல்லிய தண்டுகளைப் புகையடுப்பில் வைப்பது வீண், வற்றி நாராகிவிடும். பருத்த தண்டே தாங்கும். சிலர் பன்றி இறைச்சித் துண்டைச் சுற்றிவைப்பார்கள். அப்போது கொழுப்பு தண்டை உலரவிடாது காக்கும். ஆனால் புகையின் பெரும்பகுதி இறைச்சிக்கே போகும்.

அறுத்த பின்னும் அஸ்பாரகஸ் வேகமாகச் சுவாசிக்கும் காய். அதன் இனிப்பு மணிக்கணக்கில் குறையும்; அடியிலிருந்து நார் ஏறும். 1991இல் அமெரிக்கா ஆண்டிய நாடுகளுக்கு வரிச்சலுகை அளித்தபின், பெருவின் இக்கா பாலைநிலத்தில் நிலத்தடி நீரைக் கொண்டு விளைந்த தண்டுகள் ஆண்டு முழுதும் விமானத்தில் வந்திறங்கத் தொடங்கின. வாஷிங்டன் மாநிலத்தின் பதப்படுத்தும் ஆலைகள் மூடப்பட்டன. இக்காவில் கிணறுகளின் நீர்மட்டம் தாழ்ந்தது. இன்று ஜனவரியிலும் புகையடுப்பில் அஸ்பாரகஸ் ஏற்றலாம். எனினும் அடித்தண்டின் தோலைச் சீவாமல் அதை மெல்ல முடிவதில்லை. மிச்சிகனின் ஓஷியானா பகுதியில் மே, ஜூன் மாதங்களில் அன்றறுத்து அன்றே அடுப்பேறும் தண்டுக்கு அந்தச் சீவல் தேவைப்படாது.