ரூட்டர் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு: பழுதும் மீட்பும்

கம்பியில்லா ரூட்டரின் ஃப்ளாஷ் நினைவகத்தில் நிலையாகப் பதிந்து அதன் இயக்கத்தை நடத்தும் மென்பொருள் ஃபர்ம்வேர் எனப்படும். புதுப்பிக்கும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ, வைஃபை வழியே அனுப்பிய கோப்பு பாதியில் அறுந்தாலோ, வேறு வன்பொருள் பதிப்புக்குரிய கோப்பு ஏற்றப்பட்டாலோ கருவி முடங்கக்கூடும். இவற்றுள் கடைசிக் காரணமே எளிதில் கண்ணுக்குத் தப்புவது: லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் தொடக்கப் பதிப்புகள் 4 மெகாபைட் ஃப்ளாஷுடன் லினக்ஸில் இயங்க, 2005இல் வந்த ஐந்தாம் பதிப்பு 2 மெகாபைட்டுடன் விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் வேறு இயங்குதளத்துக்கு மாறியது. பெயர் ஒன்றாயினும் ஒன்றின் கோப்பு மற்றதற்குப் பொருந்தாது என்பதால், அடியில் ஒட்டப்பட்ட சீட்டிலுள்ள பதிப்பு எண்ணை முதலில் பார்ப்பது இன்றியமையாதது.

முடங்கிய ரூட்டரின் மின்விளக்கு ஓயாமல் சிமிட்டுவதைக் கண்டு கருவியைத் தூக்கியெறிவது பெரும்பாலும் அவசரமே. மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடர் பல நேரங்களில் சேதமின்றி இருக்கும். கணினியை லேன் போர்ட்டில் கம்பியால் இணைத்து, அதற்கு 192.168.1.10 போன்ற நிலையான முகவரி அளித்து, ரூட்டரின் 192.168.1.1 முகவரிக்குத் தொடர்ந்து பிங் என்னும் சோதனைச் செய்தி அனுப்பியவாறு ரூட்டரை இயக்கினால், மேற்சொன்ன டபிள்யூஆர்டி54ஜியின் லினக்ஸ் பதிப்புகளில் பூட்லோடர் விடையளிக்கும் குறுகிய நேரத்தில் அவ்விடையிலுள்ள டிடிஎல் (பொதியின் ஆயுள்) மதிப்பு 100 எனத் தெரியும். அந்த இடைவெளியில் டிஎஃப்டிபி என்னும் எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறையால், பைனரி முறையில், உரிய கோப்பை அனுப்ப வேண்டும். கருவி தானாக மறுதொடக்கம் ஆகும்வரை மின்னிணைப்பைத் துண்டிக்கலாகாது.