32,768: ஓசூர் வாட்ச்சுக்குள் ஓடும் எண்

குவார்ட்ஸ் வாட்ச்சின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. பதினைந்து இரண்டுகளைப் பெருக்கினால் வரும் எண் இது. ஓசூரின் வாட்ச் தொழில் இந்த எண்ணை நம்பித்தான் எழுந்தது.

1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து டைட்டன் வாட்ச் நிறுவனத்தைத் தொடங்கின. அன்று இந்தியர் கைகளில் இருந்தவை பெரும்பாலும் சாவி கொடுக்கும் வாட்ச்சுகள். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் எச்எம்டி 1961 முதல் அவற்றைச் செய்துவந்தது. டைட்டன் துணிந்து குவார்ட்ஸ் பக்கம் போனது. தன் ஓசூர் ஆலைக்கு, சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கியது. 1987இல் வாட்ச்சுகள் கடைக்கு வந்தன.

சாவி வாட்ச்சின் சக்கரம் நொடிக்கு ஐந்து முறை அசைவதே வழக்கம். குவார்ட்ஸில் அந்த வேலையை, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய உலோகக் குழாய்க்குள் அடைபட்ட கவை வடிவப் படிகம் செய்கிறது. அதன் அதிர்வை நொடிக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டும்; மின்சுற்றுக்குப் பாதியாக்குவது மிக எளிது. 32,768ஐப் பாதியாக்கினால் 16,384, பிறகு 8,192; பதினைந்தாம் முறை மீதமின்றி 1. அந்த ஒன்றுதான் நொடிமுள்ளின் ஒரு நகர்வு. பார்வைக்கு முழுமையாகத் தெரியும் 30,000 நான்கே முறையில் 1,875 ஆகி, அதற்குமேல் பாதியாகாமல் நின்றுவிடும்.

இரண்டின் அடுக்குகளில் இதுவே ஏன்? 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் வெளிவந்த சீக்கோ ஆஸ்ட்ரான் 8,192இல் ஓடியது. அதிர்வு குறைந்தால் படிகம் பெரிதாகும். 16,384 இளங்காதுக்குக் கேட்கவும் கூடும். 65,536க்குப் போனால் செல் சீக்கிரம் தீரும். இந்தத் தொல்லைகள் இல்லாத இடம் 32,768.

எண்ணாகப் பார்த்தாலும் அழகானது. 32இன் கனம் அது. 8இன் ஐந்தாம் அடுக்கும் அதுவே. அதற்கு 16 வகுஎண்கள். தன்னை விட்டு மற்றவற்றைக் கூட்டினால் 32,767. ஒன்றே ஒன்று குறைகிறது. 6க்கு 1, 2, 3 கூடி 6ஆகவே வருவதால் அது நிறைவெண். 32,768 அந்த நிறைவை மயிரிழையில் தவறவிடுகிறது. இரண்டின் எல்லா அடுக்குகளுக்கும் இதே கதிதான்.

தொழிலில் அந்த ஒன்று பெரிய விஷயம். நொடிக்கு ஓர் அதிர்வு கூடினால் வாட்ச் நாளுக்கு 2.6 நொடி முந்தும். மாதத்தில் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும். அதனால் கவையின் நுனியில் பூசிய உலோகத்தை லேசரால் துளித்துளியாகச் செதுக்கி அதிர்வைச் சரிசெய்கிறார்கள். படிகம் 25 டிகிரி வெப்பத்துக்கென வெட்டப்படுவது. அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும். ஓசூரின் மார்கழிக் குளிரில் மேசைமேல் கழற்றி வைத்த வாட்ச், 15 டிகிரியில் ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் கால் நொடிக்குச் சற்று மேல் பிந்தும். கையில் கட்டியிருந்தால் உடம்புச் சூடு அதை 25க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும்.