ஒரு குவளை நீரின் வரலாறு

நம் ராசிபுரம் வட்டாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் பெரியவர்கள் கூறும் சொற்கள் இரண்டு. ‘வயிற்றைக் காயப்போடு’ என்பது ஒன்று; ‘ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடு’ என்பது மற்றொன்று. மரவள்ளிக் கிழங்கு விளைந்து ஜவ்வரிசியாகத் திரளும் மண் இது. ஆதலின் இரண்டாவது சொல் இங்கு வழங்குவதில் வியப்பில்லை. ஆயின், அவ்விரண்டனுள் எது உயிர் காக்கும், எது உயிர் போக்கும் என்று தெளிய மருத்துவ உலகிற்கே நெடுங்காலம் ஆயிற்று.

நம் சிறுபருவத்தில், பேதி கண்ட குழந்தையொன்று தண்ணீருக்கு அழுததை நாம் கண்டதுண்டு. ‘கொடுத்தால் இன்னும் போகும்’ என்று எவரோ சொல்ல, தாய் குவளையை மறைத்து வைத்தார். அக்குழந்தை பிழைக்கவில்லை. அத்தாய் அன்பில் குறைந்தவரல்லர். கேட்ட சொல்லை நம்பியவர். அக்காலத்தே அவரை மட்டுமா குறை சொல்வது? பெரும் மருத்துவர்களும் குடலுக்கு ஓய்வு வேண்டுமென்று பட்டினியையே விதித்து வந்தனர்.

அரபு மருத்துவ நூல்கள் வாந்திபேதியை ‘ஹைளா’ என்னும். உர்து பேசும் இல்லங்களில் அச்சொல்லே ‘ஹைஸா’ ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் காலரா ஐரோப்பாவை எட்டியபோது, 1831இல் ஓஷாக்னசி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் குருதியைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் பெரிதும் குறைந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டே ஸ்காத்லாந்தில் தாமஸ் லாட்டா உப்புநீரை நரம்பின் வழியே செலுத்திச் சிலரைப் பிழைக்க வைத்தார். ஆனால் ஊசியும் குழாயும் ஏழையின் குடிசைக்கு எட்டுவனவா?

வாய்வழியே கொடுக்கலாம் என்பதைக் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953இல் எழுதினார், உலகம் பொருட்படுத்தவில்லை. 1960இல் ராபர்ட் கிரேன் என்னும் அறிஞர், குடற்சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்தே நுழைகின்றன என்று விளக்கினார். அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்புகும். பேதி எவ்வளவு கடுமையாயினும் அந்த வாயில் பெரும்பாலும் அடைபடுவதில்லை. வெறும் நீரால் ஆகாதது, சர்க்கரையும் உப்பும் அளவோடு சேர்ந்த நீரால் ஆவது இதனாலேயே. 1968இல் டாக்காவில் டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் ரஃபீக்குல் இஸ்லாம், மஜீத் முல்லா முதலிய வங்க மருத்துவர்களுடன் சேர்ந்து காலரா நோயாளிகளிடம் இதனை மெய்ப்பித்தனர். நரம்பில் ஏற்ற வேண்டிய நீரின் தேவை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது.

பெருஞ்சோதனை 1971இல் வந்தது. வங்கப் போரினால் ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். எல்லையோரப் பொங்கான் முகாமில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர்; நரம்பில் ஏற்றும் நீரோ தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா எனப் பொட்டலமிட்டு, டிரம்களில் கரைத்து வைத்தார். குவளையை ஏந்திப் புகட்டியவர்கள் யார்? நோயாளிகளின் தாயரும் உடன்பிறந்தாரும் உறவினருமே! 30 விழுக்காடு வரை இருந்த சாவு, அவர் பார்வையிலிருந்தோரிடம் 3.6 விழுக்காடாக வீழ்ந்தது. 2022இல் மறைந்த அவருக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அடுத்த பாடத்தைப் பங்களாதேசம் கற்பித்தது. 1980 முதல் 1990 வரை ‘பிராக்’ நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளின் படியேறி, மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் அரைச் சேர் நீரில் கரைக்கத் தாய்மாருக்குக் கற்பித்தனர். தாய்மார் எந்த அளவுக்கு நினைவில் வைத்திருந்தனரோ, அந்த அளவுக்கே ஊழியர்க்குக் கூலி. எழுத்தறியாத் தாயும் மருத்துவம் செய்யவல்லவள் என்னும் நம்பிக்கையே அத்திட்டத்தின் உயிர்நாடி.

இனி உணவு. நோயுற்றோர்க்கு வாற்கோதுமைக் கஞ்சியாகிய ‘தல்பீனா’ கொடுக்கப்பட்டதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மாவுப்பொருள் குடலில் சர்க்கரையாகப் பிரிந்து அதே வாயிலைத் திறக்கின்றது. அரிசிக் கஞ்சியில் உப்பிட்டு ஆய்ந்தோரும் இதனைக் கண்டனர். பட்டினியிட்டாலோ குழந்தை மெலியும்; மெலிந்த உடலை அடுத்த பேதி எளிதில் சாய்க்கும். ஆகவே தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் கஞ்சியும் குழைந்த சோறும் சிறிது சிறிதாக, அடிக்கடி தரல் வேண்டும்.

உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றது. உறையில் குறித்த அளவு தூய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். பொட்டலம் இல்லையேல், ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும்; உப்பு மிகுதல் தீங்கு. துத்தநாக மருந்தை மருத்துவர் சொற்படி 10 முதல் 14 நாள் வரை கொடுப்பது நலம். கண் குழிந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ நொடியும் தாமதியாது மருத்துவமனைக்கு விரைதல் கடமை.

அன்று மறைத்து வைக்கப்பட்ட அக்குவளை நம் கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை. அதில் இருந்ததே மருந்தின் பெரும்பகுதி. எஞ்சியவை அடுப்பங்கரையில் இருந்தன. இல்லாதது இவ்வறிவு ஒன்றே. அதனை இனி எந்தத் தாய்க்கும் இல்லாமல் விடலாகாது.